வடிகாதும் வாசகமேடையும்

அண்மைக் காலமாக நம் பங்குகள் சிலவற்றில் ஒரு புதிய விலக்கு முளைத்திருக்கிறது. காதின் தொங்குசதையாகிய சோணையைத் துளைத்து, அத்துளையைப் படிப்படியாக அகலமாக்கி, அதில் மரத்தாலோ உலோகத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தக்கையைச் செருகியிருக்கும் இளைஞன் திருப்பலியில் வாசகம் வாசிக்கலாகாது, ஞானத்தந்தையாக நிற்கலாகாது, உறுதிபூசுதலுக்குப் பெயர் கொடுக்க வந்தால், அதைக் கழற்றிவிட்டுக் காதைத் தைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பப்பட வேண்டும். சில இடங்களில் இது பங்குப் பேரவையின் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. வேறு சில இடங்களில் எழுத்தில் இல்லை; மறையுரையில் மட்டும் இடி முழங்குகிறது. இவ்விலக்கு தவறு என்பது நம் துணிபு. சுவைக்கு ஒவ்வாத ஒன்றை நம்பிக்கைக்கு ஒவ்வாததாகக் காட்டும் தவறு அது. இவ்வாறு கூறுவதால், காதை அகலமாக்கிக்கொள்ளும் எல்லாரையும் நாம் தட்டிக்கொடுக்கிறோம் என்று யாரும் கொள்ள வேண்டாம். அவர்களிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

விலக்கை ஆதரிப்போர் முதலில் எடுத்து வைப்பது, இது மேனாட்டு மோகம் என்னும் வாதம். இதைச் சொல்வோர் தம் பாட்டிமாரை மறந்துவிட்டனரா, அல்லது மறக்க விரும்புகின்றனரா என்று கேட்கத் தோன்றுகிறது. நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம், குமரி மாவட்டச் சிற்றூர்களில் வடிகாது இல்லாத கிழவியைக் காண்பதே ஒரு காலத்தில் அரிது. பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகபடம் என்று அக்காதுகளில் ஆடிய அணிகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. தங்கத் தகட்டால் கூடு செய்து உள்ளே அரக்கை நிறைத்த பாம்படம், அவ்வூர்ப் பெண்களுக்கு வங்கியும் காப்பீடும் ஆகும். மகனின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் அடகுக் கடைக்குச் சென்று திரும்பியது அது. சில வேளை திரும்பாமலும் போனது. இவ்வணிகளை அணிந்தோர் எல்லாச் சாதியினரிலும் எல்லாச் சமயத்தினரிலும் இருந்தனர். நம் கோயில்களில் தரையில் அமர்ந்து செபமாலை சொன்ன அன்னையரின் காதுகள் தோளைத் தொட்டன. எந்தப் பங்குத்தந்தையும் அவர்களை நற்கருணைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பவில்லை.

காது வளர்த்தல் என்றே அக்கலைக்குப் பெயர். அந்த 'வளர்த்தல்' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்; கிழித்தல் என்றோ விரித்தல் என்றோ அவர்கள் சொல்லவில்லை. குழந்தைக்குக் காது குத்தியதும் நூலை இட்டார்கள். புண் ஆறிய பின் வேப்பங்குச்சி. அதன் பின் பஞ்சுத் திரி. பின்னர்ப் பனையோலையை இறுகச் சுருட்டித் துளையில் செருகினார்கள். ஓலைச் சுருள் தானே விரிய முயலும் இயல்புடையது. அந்த மெல்லிய விசையே துளையை நாள்தோறும் ஒரு மயிரிழை அகலமாக்கிற்று. எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் ஒற்றி, வீங்கினால் ஓலையை எடுத்துவிட்டுப் பொறுத்திருந்து மீண்டும் செருகினார்கள். ஈயத்தால் ஆன குணுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. இவ்வளவும் ஆண்டுக் கணக்கில் நடந்த வேலை.

இதில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பேசத் தெரியாத பெண் மகவின் காதில் ஈயத்தைத் தொங்கவிட்டவர்கள் அவளைக் கேட்டுச் செய்யவில்லை. பாரம் தாங்காமல் அறுந்த காதுகள் உண்டு. இருட்டில் வந்த கள்வன் பாம்படத்தோடு சதையையும் பிய்த்துச் சென்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அணிகலன் என்பது சில வேளைகளில் அடிமை முத்திரையாகவும் இருந்திருக்கிறது. திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்கள் கல்மாலையன்றி வேறு அணியலாகாது என்றிருந்த கட்டுப்பாட்டை எதிர்த்து, 1915ஆம் ஆண்டில் அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்துக்கு அருகிலுள்ள பெரிநாட்டில் கிளர்ந்தவர்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அறுத்தெறிந்தது சரியே. ஆயின், பிறர் பூட்டிய மாலையை ஒருத்தி தானே அறுப்பது வேறு. அவள் தானே விரும்பி அணிந்ததைப் பிறர் அறுக்கச் சொல்வது வேறு. நம் பாட்டிமாருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவதே.

நாகரிகம் மாறியது, பேத்தியர் பள்ளிக்குச் சென்றனர், வடிகாது பட்டிக்காட்டு அடையாளமாயிற்று. 'தொள்ளைக்காது' என்னும் வசை பிறந்தது. எத்தனையோ பெண்கள் மருத்துவரிடம் சென்று தொங்கிய சதையை வெட்டித் தைத்துக்கொண்டனர். நோய் நீங்குவதற்காக அன்று, நகைப்புக்கு அஞ்சி. தைத்துக்கொள்ளாதோர் முக்காட்டை இழுத்து மறைத்தனர். நோயில்பூசுதல் அளிக்க முதியவர்களின் குடிசைக்குச் சென்ற அருள்பணியாளர் எவரும், அணியும் இன்றி, மறைக்கும் முக்காடும் இன்றித் தலையணையில் மடிந்து கிடந்த அந்த வெறுங்காதைக் கண்டிருப்பார். ஒரு தலைமுறையின் உடலை அடுத்த தலைமுறை வெட்கத்துக்குரியதாக்கிய வரலாறு அக்காதில் கிடந்தது. இன்று, பேரன் அதே துளையைத் தன் காதில் செய்துகொண்டு வருகையில், அதே வெட்கத்தை அவன்மேல் போர்த்த நாம் விரைகிறோம். அதற்கு 'மேனாட்டு மோகம்' என்று பெயரும் சூட்டுகிறோம். அவன் பார்த்துக் கற்றது ஏதோ ஒரு அயல்நாட்டு இசைக்குழுவினனிடமாக இருக்கலாம். அதனால் என்ன? தன் வீட்டுப் பரணில் கிடந்ததை அண்டை வீட்டில் பார்த்து வாங்கி வந்திருக்கிறான்.

அயலார் காதைக் கண்டு நகைப்பதும் பழைய வழக்கமே. பெரு நாட்டின் இன்கா உயர்குடியினர் காதில் பெரிய தக்கைகளை அணிந்திருந்ததைக் கண்ட எசுப்பானியர், அவர்களுக்குப் 'பெருஞ்செவியர்' என்று பட்டப் பெயர் இட்டார்கள். வென்றவனின் கண்ணுக்குத் தோற்றவனின் காது எப்போதும் கோணலாகத்தான் தெரியும்.

நம் திருச்சபையும் இதில் முற்றிலும் கை கழுவிக்கொள்ள இயலாது. 1599ஆம் ஆண்டு சூன் திங்களில், கோவாப் பேராயர் அலெய்சோ தெ மெனெசசு கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், மலபார்க் கிறித்தவ ஆண்கள் காது குத்திக்கொள்வதையும் அதைப் பெரிதாக்குவதையும் தடை செய்தது. பெண்களுக்கு மட்டும் விலக்களித்தது. காரணம் என்ன? உடலுக்குத் தீங்கு என்று அச்சங்கம் சொல்லவில்லை. ஒழுக்கக் கேடு என்றும் வாதிடவில்லை. கிறித்தவரையும் நாயரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியவில்லை என்பதே அதன் கவலை. காதைப் பார்த்துச் சமயத்தை அறிய விரும்பினார்கள்! அறுபது ஆண்டுகள் கழித்து, 1659இல், உரோமையின் மறைபரப்புப் பேராயம் கீழை நாடுகளுக்குச் சென்ற மறைப்பணியாளருக்கு அனுப்பிய அறிவுரை இதற்கு நேர் எதிரானது: சமயத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாகாத வரையில், மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றும்படி அவர்களை நெருக்க வேண்டாம் என்பது அதன் சாரம். நம் பங்குப் பேரவைகள் 1659ஐ விட்டுவிட்டு 1599க்குத் திரும்பிச் செல்கின்றன.

இனி, விவிலியத்துக்கு முரண் என்னும் வாதம். இதற்கு லேவியர் 19:28ஐக் காட்டுகிறார்கள். அவ்வசனம் தடுப்பது, இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் புறவினத்துத் துக்கச் சடங்கையும், பச்சை குத்துதலையும். காதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. காதணியைப் பற்றி விவிலியம் பேசாமலும் இல்லை. ஒரே குரலில்தான் பேசவில்லை. தொடக்க நூல் 35ஆம் பிரிவில் யாக்கோபின் வீட்டார் வேற்றுத் தெய்வச் சிலைகளோடு காது வளையங்களையும் கொடுத்துவிட, அவர் அவற்றைச் செக்கேமுக்கு அருகே மரத்தடியில் புதைக்கிறார். விடுதலைப் பயணம் 32இல் காதணிகள் பொற்கன்றாக உருகுகின்றன. அதே வேளையில், எசேக்கியேல் 16:12இல் எருசலேம் என்னும் மணமகளுக்குக் காதணி பூட்டுபவர் ஆண்டவரே. ஆக, பொருளில் குற்றம் இல்லை. பொருள் எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் குற்றம்.

காதைத் துளைத்தல் பற்றி விவிலியத்தில் உள்ள ஆழ்ந்த பகுதி வேறொன்று. அதை யாரும் எடுத்துக்காட்டாதது வியப்பு. விடுதலைப் பயணம் 21ஆம் பிரிவிலும் இணைச்சட்டம் 15ஆம் பிரிவிலும், ஏழாம் ஆண்டில் விடுதலை பெற வேண்டிய அடிமை, தலைவனிடம் கொண்ட அன்பினால் போக மறுத்தால், அவனைக் கதவு நிலையருகே நிறுத்திக் குத்தூசியால் காதைத் துளைக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அத்துளை அவன் விருப்பத்தின் முத்திரை. அவனாக வாய் திறந்து சொன்ன பின்னரே ஊசி எடுக்கப்பட்டது. இயேசுவோ காதுகேளாதவரைத் தனியே அழைத்துச் சென்று, தம் விரல்களை அவர் காதுகளில் இட்டு, 'எப்பத்தா' என்றார் (மாற்கு 7). திருமுழுக்கில் குருவானவர் குழந்தையின் காதைத் தொடுவது இதன் தொடர்ச்சியே. அவ்வாறு தொடப்பட்ட காது, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு விரல் நுழையும் துளையோடு திரும்பி வந்தால், இறைவாக்கைக் கேட்கவும் வாசிக்கவும் தகுதியற்றதாகிவிடுமா?

ஆணுக்கு இது அழகன்று என்பார்க்கு நெடிய மறுமொழி தேவையில்லை. நம் பள்ளிச் சுவர்களில் மாட்டியுள்ள வீரமாமுனிவரின் படத்தைச் சற்று உற்று நோக்கட்டும். 19ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை, அவரைக் காதில் கடுக்கன் அணிந்தவராகவே வருணிக்கிறார். அவ்வருணனையில் கற்பனை கலந்துள்ளது என்று ஆய்வாளர் சிலர் ஐயுறுவர், இருக்கட்டும். இரண்டு நூற்றாண்டுகளாகத் தமிழ்க் கத்தோலிக்கர் தம் தலைசிறந்த குருவைக் கடுக்கனோடு கற்பனை செய்ய வெட்கப்படவில்லையே!

தந்தையரின் மரபும் நம் பக்கமே. புனித அகுஸ்தினார், கலாமா நகர் ஆயர் பொசிதியுசுக்கு எழுதிய மடல் ஒன்றில், பொன்னணிகளையும் ஆடைகளையும் தடை செய்வதில் அவசரத் தீர்ப்பு வழங்க வேண்டாம் என்று தடுக்கிறார். அதே மடலில், ஆண்கள் காதின் நுனியில் ஒரு பக்கம் அணிந்த வளையத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அது பேய்களுக்கு அஞ்சிக் கட்டிய தாயத்து என்பதே அவர் கண்ட குற்றம். புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் புறக்கோலத்தைப் பற்றிப் பேசுமிடத்து, பொருள்களில் தீமை இல்லை, அவற்றை அளவின்றிக் கையாளும் மனிதனிடத்தில்தான் தீமை என்று நிறுவுகிறார். உடன் வாழ்வோரின் வழக்கத்தையும் கருத வேண்டும் என்கிறார். இப்பிந்திய கருத்து விலக்கை ஆதரிப்போருக்குச் சாதகம் என்று யாரேனும் கூறலாம். நன்று, உடன் வாழ்வோர் என்னும் கணக்கில் அவன் வயதினரும் அடங்குவர் அல்லவா? அறுபதைக் கடந்த பேரவை உறுப்பினர் மட்டுமா ஊர்?

சட்டத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 843ஆம் எண், தகுந்த முறையில் கேட்டு, உரிய மனநிலையோடு வந்து, சட்டத்தால் தடுக்கப்படாதிருப்போருக்குத் திருவருட்சாதனங்களை மறுக்கப் பணியாளருக்கு உரிமை இல்லை என்கிறது. 874ஆம் எண் ஞானப்பெற்றோருக்கு வேண்டிய தகுதிகளைக் கூறுகிறது: வயது, உறுதிபூசுதல், நற்கருணை, நம்பிக்கைக்கு இசைந்த வாழ்வு. காதின் அளவு அங்கே இல்லை. 'தைத்துக்கொண்டு வா' என்பது அதனினும் கொடிது. அகன்ற சோணையைத் தைப்பதென்றால், மரக்க ஊசி இட்டு, துளையின் விளிம்புத் தோலை வெட்டி நீக்கி, பச்சைச் சதையோடு சதையை இணைத்துத் தையல் போட வேண்டும். மருத்துவத் தேவை ஏதும் இன்றி ஒருவனைக் கத்திக்கு அனுப்பி, அதை அருட்சாதனத்துக்கு நுழைவுச் சீட்டாக்குகிறோம். உடலைக் கீறலாகாது என்று லேவியரைக் காட்டியவர்களே வெட்டித் தைத்து வரச் சொல்கிறார்கள்.

இப்போது இளைஞரிடம் நம் வழக்கு. அது துளையைப் பற்றியதன்று; விரைவைப் பற்றியது.

பாட்டி பல ஆண்டுகளில் வளர்த்ததை நீர் இரண்டு வாரத்தில் விரிக்கப் பார்க்கிறீர். தபாலில் வரும் பெட்டியில் கூம்பு வடிவ ஊசிகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருக்கின்றன. இன்று ஒன்று, நாளை அடுத்தது என்று உள்ளே தள்ளுகிறீர். குத்திய துளை வழக்கமாக ஒரு மில்லிமீட்டர் அளவினது. அதன் உட்புறம் முழுவதும் தோல் படர்ந்து உறுதிப்பட, ஆறு மாதமாவது விடுவது நலம். அதன் பின்னரும் 1.6, 2, 2.5, 3, 4 என்று சிறு படிகளாகவே ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே இரண்டு மாத ஓய்வு என்பது குறைந்த அளவே. மேலே செல்லச் செல்ல ஓய்வு நீள வேண்டும். 6 மில்லிமீட்டரிலிருந்து 8க்குத் தாவுவது இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விட்டம் 2 கூடினால் சுற்றளவு 6க்கு மேல் கூடுகிறது. அவ்வளவு சதை எங்கிருந்து வரும்? 7இல் நின்று செல்ல வேண்டும். இக்கணக்கின்படி 10 மில்லிமீட்டரை எட்ட ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது. இரண்டாண்டு ஆனாலும் குறையொன்றும் இல்லை.

வலியும் குருதியும் உடலின் பேச்சு. நன்கு தளர்ந்த துளையில் அடுத்த அளவுத் தக்கை, எண்ணெய் தடவி மெல்ல அழுத்தினாலே நுழைந்துவிடும். நுழையவில்லையானால் நேரம் வரவில்லை என்று பொருள். வற்புறுத்தித் தள்ளினால், துளையின் உட்தோல் பின்புறமாகப் பிதுங்கி உதடு போல் வெளியே வந்து நிற்கும். அப்போது தக்கையைக் கழற்றி, சிறிய அளவுக்கு இறங்கி, மாதக்கணக்கில் ஆற விடுவதன்றி வேறு வழியில்லை. பாரம் தொங்கவிட்டு விரிப்பவர்க்குச் சோணையின் கீழ்ப்பகுதி நூலாக மெலிந்து, ஒரு நாள் அறும். கூம்பு ஊசியையே அணிகலனாக அணிந்து திரிவோரும் உளர். ஒரு பக்கம் கனமும் மறுபக்கம் மெலிவுமான அதைக் காதில் விட்டு வைப்பது அறியாமை. அது நுழைப்பதற்கான கருவி, அவ்வளவே.

தக்கையின் பொருளும் கருதத் தக்கது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் தக்கை, நீராவி அழுத்தக் கலனில் வைத்துக் கிருமி நீக்கும் சூட்டைத் தாங்காது. புதிதாக விரிந்த துளைக்கு அது ஆகாது. சிலிக்கோன் தோலைப் பற்றி இழுக்கும். மரமும் கொம்பும் எலும்பும் அழகியவை. ஆனால் ஈரத்தை உறிஞ்சுபவை. நன்றாக ஆறிய காதுக்கே உரியவை. முதலில் வேண்டியது மெருகேற்றிய கண்ணாடி அல்லது அறுவைச் சிகிச்சைகளில் உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம். அதுவும் இருபுறமும் அகன்ற விளிம்புள்ளதன்று, ஒருபுறம் மட்டும் விளிம்புடையதாய், மறுபுறம் ரப்பர் வளையத்தால் நிறுத்தப்படுவது. இருபுற விளிம்புத் தக்கையைப் பச்சைத் துளையில் செருகினால், விளிம்பு நுழைவதற்காகவே துளை மேலும் ஒரு படி கிழியும். ஆறிய பின் நாள்தோறும் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டுப் பிசைந்துவிட வேண்டும். பாட்டி விளக்கெண்ணெய் தடவினாள். இன்று வேறு எண்ணெய் சொல்வார்கள். கை செய்யும் வேலை ஒன்றே.

குடும்பத்தில் எவருக்கேனும் சிறு காயம் ஆறிய இடத்திலும் தழும்பு தடித்துப் புடைக்கும் கீலாய்டு இயல்பு இருப்பின், இவ்வாசையை விட்டுவிடுவதே அறிவு. கருநிறத் தோலுடைய நம்மவரிடம் அது மிகுதி. நீரிழிவு உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 8, 10 மில்லிமீட்டரைத் தாண்டினால், தக்கையை எடுத்த பின் துளை தானே சுருங்கி மூடும் என்று யாரும் உறுதி கூற இயலாது. சிலருக்கு அதற்கு முன்பே மூடாது. பதினெட்டு வயதில் செய்வது அறுபதிலும் காதில் இருக்கும். அதை அறிந்து செய்பவனை நாம் தடுக்க மாட்டோம். அறியாமல் செய்பவனுக்கு அறிவிப்பது அருள்பணியாளரின் வேலையே. மறையுரையில் இடி முழங்குவதைவிட அதற்குக் குறைந்த நேரமே ஆகும். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளைப் பொறுத்தவரை, பெற்றோரைக் கேட்காமல் ஊசி எடுக்கும் கடைக்காரன் மீது நமக்குள்ள சினத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

தீர்மானப் புத்தகத்தில் அவ்விலக்கை ஏற்றியுள்ள பங்குகள், வரும் உறுதிபூசுதலுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கும் முன் அவ்வரியை அடித்துவிடட்டும். அடித்ததற்கு அருகில் நாளிட்டு யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி எழுமாயின், தீர்மானத்தை முன்மொழிந்தவரே இடலாம்.